மாலினி தள்ளிப்போட்டது

ஜனவரி 6, ஞாயிறு

என் மனைவி வடிவு காலை ஏழு மணி பஸ்ஸில் சங்கரன்கோவில் போனாள். அவள் தங்கை கோமதிக்கு முழங்காலில் ஆபரேஷன். பத்து நாளில் வந்துவிடுவாள். பத்து நாளைக்குப் பெரிய பெட்டி எதற்கு என்று கேட்டேன். "சின்னப் பைல ஜிப்பு போயிட்டு" என்றாள். அவள் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். ஜிப் நன்றாகத்தான் ஓடுகிறது.

டைரி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. மணிக்கூண்டு பதிப்பகத்தார் போன வாரம் தங்கள் வெள்ளி விழாவில் சால்வையோடு கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் 'ஆங்கில ஆசான் ஆ. ஆவுடையப்பன்' என்று பொன் எழுத்தில் அடித்திருக்கிறார்கள். வீணாக்க மனம் வரவில்லை. பத்தாம் வகுப்பு மணிக்கூண்டு இங்கிலீஷ் கைடு பதினான்கு வருடமாக என் பெயரில்தான் வருகிறது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு வந்து ஆவுடையப்பன் வீடு எது என்றால் முழிப்பார்கள். கைடு சார் வீடு என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள்.

தோசை ஊற்றினேன். மூன்றும் கல்லை விட்டு வரவில்லை. சால்வை நாற்காலியிலேயே கிடக்கிறது. வடிவு மடித்து வைக்க மறந்துவிட்டாள் போல.

ஜனவரி 7, திங்கள்

மதுரையிலிருந்து பதிப்பக மேலாளர் தனுஷ்கோடி போன் செய்தார்.

"சார், மேடையில ஜோராப் பேசுனீங்க. அந்தச் சூட்டோட ஒரு புதுப் புத்தகம் போட்ருவோம். ஃப்ரேசல் வெர்ப் மட்டும். ஒரு வெர்புக்கு ஒரு பாடம். அதுக்கு என்னென்ன அர்த்தம் உண்டோ அத்தனையும் வரணும், ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு உதாரணம். மாதிரிக்கு ஒரே ஒரு பாடம் அனுப்புங்க. புட் ஆஃப் எடுத்துக்கங்க, ஈசியானது. இருபதாம் தேதிக்குள்ள வந்துரணும்."

வினையோடு ஒரு சின்னச் சொல் ஒட்டி வேறு அர்த்தம் தருவது ஃப்ரேசல் வெர்ப். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு. முப்பது வருடமாக நான் வகுப்பில் சொல்லிவருவது. இதில் அத்தனை அர்த்தம் எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்கவில்லை.

கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்யும் நம்பர் வடிவின் போனில் இருக்கிறது.

ஜனவரி 9, புதன்

அகராதியில் பார்த்தேன். தலை சுற்றுகிறது. ஆறு அர்த்தம் போட்டிருக்கிறான். ஒரு காரியத்தைத் தள்ளிப்போடுவது புட் ஆஃப். வீட்டுக்கு வந்தவரை ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிடுவதும் புட் ஆஃப். ஒருவருக்கு ஒன்றின்மேல் மனம் விட்டுப்போகும்படி செய்வதும் அதுவே. எழுதிக்கொண்டிருப்பவரின் கவனத்தைக் கலைப்பதும் அதுவே. விளக்கை அணைப்பதும், பஸ்ஸிலிருந்து ஆளை இறக்கிவிடுவதும் கூட அதுதானாம். இந்த ஆறுக்கும் என்ன உறவு என்று இரண்டு மணி நேரம் யோசித்தேன். எனக்குப் பிடிபடவில்லை.

உதாரணம் எழுதினேன். ராமன் தன் பயணத்தைத் தள்ளிப்போட்டான். சீதா தன் பயணத்தைத் தள்ளிப்போட்டாள். குமார் தன் பயணத்தைத் தள்ளிப்போட்டான். மூன்றாவதிலேயே பயணம் தீர்ந்துபோயிற்று. மற்ற அர்த்தங்களுக்கு 'உ-ம்' என்று எழுதி ஐந்தைந்து வரி இடம் விட்டு வைத்தேன். பழக்க தோஷம். வழக்கமாக நான் விதியை எழுதி வைத்துவிடுவேன், வடிவு அதை அச்சுக்குத் தெளிவாக ஃபேர் காப்பி எடுப்பாள். எடுக்கும்போது உதாரணங்களைக் கொஞ்சம் சரி பண்ணுவாள்.

ஜனவரி 12, சனி

போன் செய்தேன். எடுக்க நேரமானது.

"மாவு புளிச்சுப் போச்சு. என்ன செய்ய?"

"ஊத்தப்பமா ஊத்துங்க."

"புட் ஆஃப்புக்கு ஆறு அர்த்தம் இருக்காம் வடிவு."

"இருக்கும்."

"ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு உதாரணம் கேக்காரு தனுஷ்கோடி."

"எழுதுங்க. நீங்கதான எழுதுவிய."

குரலில் கோபம் எதுவும் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனாலும் போனை வைத்த பிறகு எதையோ கேட்க மறந்த மாதிரி இருந்தது. கோமதியின் காலைப் பற்றி விசாரிக்கவில்லை. அதுவாகத்தான் இருக்கும்.

ஜனவரி 15, செவ்வாய். பொங்கல்

குக்கரில் பொங்கல் வைத்தேன். அடிப்பிடித்தது. மகன் கோவையிலிருந்து நேராகச் சங்கரன்கோவிலுக்கே போய்விட்டானாம். "அம்மா அங்கதானப்பா இருக்கா" என்றான். நியாயம்தான். இருந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் ஒரு தூக்குவாளியில் சாம்பார் கொண்டுவந்தாள்.

"அக்கா எப்ப வாராவ சார்?"

"பத்து நாள்ல வந்துருவா."

"போயே பத்து நாளாச்சே."

கணக்குப் பார்த்தேன். ஆமாம்.

"சார், அன்னைக்கு விழாவுக்கு நானும் கூட வந்தேன்லா. மூணாவது வரிசைல அக்கா பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்" என்றாள் எஸ்தர். தெரிந்த விஷயம்தானே, அதை இப்போது எதற்குச் சொல்கிறாள் என்று பார்த்தேன். வாளியை நாளைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

ஜனவரி 17, வியாழன்

போனைக் கோமதியே எடுத்தாள். கால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டேன்.

"இப்பம் நடந்துதான் போன் எடுக்க வந்தேன் அத்தான். ஆபரேசன் மார்ச்லலா?"

மார்ச்சில் ஆபரேஷன் என்றால் ஜனவரியில் எதற்கு ஆள்? முன்னேற்பாடாக இருக்கும். வடிவு எதையும் முன்னதாகவே செய்கிறவள்.

ஜனவரி 20, ஞாயிறு

பாடத்தை முடித்து அனுப்பிவிட்டேன். முப்பது உதாரணம். குமார், ராமன், சீதா மூன்று பேரும் ஆளுக்குப் பத்து.

ஜனவரி 24, வியாழன்

தனுஷ்கோடி பேசினார். மனிதர் ரொம்பத் தயங்கினார்.

"சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. இது நீங்க எழுதுனதுதானா?"

"ஏன்?"

"இல்ல சார், உசுரே இல்லயே. உங்க உதாரணத்துல எப்பவும் ஒரு வீடு இருக்கும். அடுப்பு இருக்கும், மழை பெய்யும், ஒரு பஸ்ஸு வரும். எங்க வீட்டம்மா எட்டாங்கிளாஸ்தான் படிச்சது. தமிழ் அர்த்தத்தை மட்டும் வரிசையாப் படிக்கும், தொடர்கதை மாதிரி. இந்த வருசம் மாலினிக்கு என்ன ஆச்சுன்னு புதுக் கைடு வந்ததும் தேடும். அஞ்சாறு வருசமா அந்தப் பொண்ணு வர்றதில்லயேன்னு ஒரே வருத்தம்."

"எந்த மாலினி?"

தனுஷ்கோடி சிரித்தார். நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

எந்த மாலினி?

ஜனவரி 27, ஞாயிறு

பரீட்சைக் காலம் வந்தால் எங்கள் தெருவில் கோழி கூவத் தேவையில்லை. ஐந்து மணிக்கே பிள்ளைகள் மொட்டை மாடியில் நடந்துகொண்டு சத்தம் போட்டு மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். பாதிப்பேர் கத்துவது என் கைடைத்தான். அதைக் கேட்டுக்கொண்டே காபி குடிப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. சந்தோஷத்தோடு சரி. என்ன கத்துகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டதில்லை.

இன்று கேட்டேன். எஸ்தரின் மகள் ஷைனி.

"புட் ஆஃப். புட் ஆஃப்னா தள்ளிப்போடு. மாலினி புட் ஆஃப் ஹெர் பி.எட். டில் நெக்ஸ்ட் இயர். மாலினி தன் பி.எட். படிப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட்டாள். மாமியாருக்கு உடல்நலம் இல்லை."

பதினோரு தடவை சொன்னாள். நான் எண்ணினேன். நாலாவது தடவையிலேயே காபி ஆறிவிட்டது.

"எந்த வருசத்து கைடும்மா?" என்று சுவருக்கு மேலாகக் கேட்டேன்.

"எங்க சித்தி படிச்சது சார். மூணாம் பதிப்பு. ஃப்ரேசல் வெர்ப் என்னைக்கும் மாறாதுன்னு அம்மா சொல்லிட்டா."

மாமியாருக்கு உடல்நலம் இல்லை. என் அம்மா படுக்கையில் விழுந்தது அந்த வருடம்தான்.

பிப்ரவரி 2, சனி

பரணிலிருந்து பதினான்கு பதிப்பையும் இறக்கினேன். தூசியில் தும்மல் நிற்கவில்லை. வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் புட் ஆஃப் இருக்கும் பக்கத்தை மட்டும் எடுத்தேன். கைடில் எல்லா வருடமும் தள்ளிப்போடு என்ற ஒரே அர்த்தத்துக்கு ஒரே உதாரணம்தான்.

முதல் பதிப்பு. பையன் பள்ளியில் சேரும் வரை மாலினி தன் பி.எட். படிப்பைத் தள்ளிப்போட்டாள்.

இரண்டாம் பதிப்பு. வீடு கட்டி முடியும் வரை தள்ளிப்போட்டாள். அந்த வருடம்தான் இந்த வீட்டுக்குக் கடைகால் போட்டோம். சித்தாளோடு நின்று வடிவும் தண்ணீர் ஊற்றினாள்.

மூன்றில் மாமியார். நான்கிலும் மாமியார். ஐந்தில் கொழுந்தன் கல்யாணம். என் தம்பிக்கு நாற்பது நாள் சமைத்துப் போட்டது யார் என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஆறாம் பதிப்பில், 'மாலினி பி.எட். விண்ணப்பத்தை வாங்கி வைத்திருக்கிறாள். இந்த முறை அவள் தள்ளிப்போட மாட்டாள்.'

ஏழில், 'மாலினி தள்ளிப்போட்டாள்.' காரணம் எதுவும் சொல்லவில்லை. எனக்குக் காரணம் தெரியும். கைடு வேலை நெருக்கடியாக இருந்தது. இந்த ஒரு வருடம் பொறு, வேலை கெட்டுப்போகும் என்று நான்தான் சொன்னேன்.

எட்டில், 'எதைத் தள்ளிப்போட்டோம் என்பது மாலினிக்கே மறந்துபோயிற்று.'

ஒன்பதிலிருந்து மாலினி இல்லை. மழையால் கிரிக்கெட் ஆட்டம் தள்ளிப்போடப்பட்டது. அமைச்சர் வருகை தள்ளிப்போடப்பட்டது. பதினான்காம் பதிப்பு வரை மழையும் அமைச்சரும்தான்.

மற்ற வினைகளையும் பார்த்தேன். எட்டாம் பதிப்பு வரை எல்லாவற்றிலும் அவள் இருக்கிறாள். லுக் ஃபார்வர்டு டு என்ற இடத்தில் மாலினி தபால்காரரை ஆவலோடு எதிர்பார்க்கிறாள். லீவ் அவுட் என்ற இடத்தில், 'மாலினியின் பெயரை விட்டுவிட்டார்கள்.' எதிலிருந்து விட்டார்கள் என்று வாக்கியத்தில் இல்லை. புத்தகத்தை மூடினால் அட்டையில் என் பெயர்.

நான் இவற்றைப் படித்ததில்லை. இதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அச்சான பிறகும் படித்ததில்லை, அச்சுக்குப் போகும் முன்னும் படித்ததில்லை. 'உ-ம்' என்று எழுதி இடம் விட்டுக் கொடுப்பேன். நிரம்பி வரும். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு மதுரைக்கு அனுப்புவேன். ஒரு புத்தகத்துக்கு எண்ணூறு உதாரணம். பதினான்கு வருடம்.

பிப்ரவரி 3, ஞாயிறு

தண்ணீர் வந்தது. குடத்தை நிரப்பவில்லை.

பிப்ரவரி 5, செவ்வாய்

விழாவில் நடந்ததை எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் புரியுமா என்று தெரியவில்லை.

டிசம்பர் முப்பது, மதுரையில் ஒரு கல்யாண மண்டபம். சால்வை போட்டார்கள். நான் பேசினேன். இந்தக் கைடின் ஒவ்வொரு வாக்கியமும் என் வியர்வை என்று சொன்னேன். மேடையில் எல்லாரும் சொல்வதுதான். அப்போது தொகுத்து வழங்கிய பெண், "சார், இவ்வளவு வேலையில அம்மாவோட பங்கு என்ன?" என்று கேட்டாள். வடிவு மூன்றாவது வரிசையில் பச்சைப் பட்டுச் சேலையில் இருந்தாள். எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"அவ ஃபேர் காப்பி எடுப்பா. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்றேன்.

நான் பாராட்டாகத்தான் சொன்னேன். மண்டபமே கை தட்டியது. வடிவும் சிரித்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரயாணக் களைப்பு என்று நினைத்து நான் தூங்கிவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பெரிய பெட்டியை எடுத்தாள்.

அவள் சிரித்ததைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது. அதுவும் பொய்தான். புரிந்திருக்காது.

பிப்ரவரி 9, சனி

மானூர், தேவர்குளம் வழியாகச் சங்கரன்கோவில். வழி முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். இறங்கும்போது ஒன்றும் மிஞ்சவில்லை.

கோமதிதான் கதவைத் திறந்தாள். மோர் கொடுத்தாள். மாடியிலிருந்து நிறையப் பேர் ஒன்றாக ஏதோ சொல்லும் சத்தம் கேட்டது.

"அக்கா கிளாஸ் எடுக்கா அத்தான். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவங்க. பதினாலு பேரு வாராங்க. அஞ்சு மணிக்கு முடியும்."

"கோமதி, மாலினிங்கிறது யாரு?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நெசமாவே தெரியாதா? அக்கா காலேஜ் மலர்ல எழுதும்போது வச்சுக்கிட்ட பேரு அத்தான். மூணு வருசமும் கதை எழுதினா. மாலினி எழுதிட்டாளானு மத்த பிள்ளைகள்ளாம் கேட்டுக்கிட்டு வரும்."

இருபத்திரண்டு வருடம் அவளோடு குடித்தனம் செய்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்தது. எல்லாரும் இறங்கிப் போகும் வரை படியடியில் ஒதுங்கி நின்றேன். மேலே போனபோது வடிவு கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்துவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தாள்.

"எப்ப வந்திய?"

"மூணு மணிக்கு. மன்னிச்சிரு வடிவு."

"எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு நான் ஒத்திகை பார்க்கவில்லை. மன்னித்துவிடு என்றால் சரி என்று சொல்வாள், அல்லது அழுவாள் என்றுதான் எண்ணியிருந்தேன்.

"ஃபேர் காப்பின்னு சொன்னதுக்கு."

"அதுக்கு மட்டுமா?"

"இல்ல. படிக்காததுக்கு."

துணியைக் கீழே வைத்தாள். அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். சத்தமில்லாமல் ரொம்ப நேரம் அழுதாள். நான் பக்கத்தில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஒரு வருசமாச்சும், ஒரு வரியாச்சும் படிச்சுட்டு, இது யாரு மாலினின்னு கேப்பியன்னு இருந்தேன்" என்றாள். "எட்டு வருசம் பாத்தேன். எங்கெங்கயோ இருக்க பிள்ளைகள்ளாம் அவளை மனப்பாடமா ஒப்பிக்கி. ஒரே வீட்டுல இருக்கிற உங்களுக்கு அவளத் தெரியல. அப்புறம் அவளை எழுத எனக்கே பிடிக்கல. மழைய எழுதினேன், மந்திரிய எழுதினேன். அதையும் நீங்க பாக்கல."

"வீட்டுக்கு வா வடிவு."

"இப்பம் இல்ல. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும்."

"அதுக்குப் பொறவு?"

"பாப்போம்."

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்காரத் தோன்றவில்லை.

பிப்ரவரி 11, திங்கள்

தனுஷ்கோடிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். பதினான்கு பதிப்பின் உதாரணமும் என் மனைவி எழுதியது. நான் எழுதியது விதி மட்டும். அந்த விதியும் எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுதான். புதுப் புத்தகத்தை அவள் எழுதுவதாக இருந்தால் அவள் பெயரில் வர வேண்டும். எழுதுவாளா என்று எனக்குத் தெரியாது. நீங்களே கேளுங்கள்.

அவர் முதலில் கேட்டது இதுதான்.

"அப்ப எங்க வீட்டம்மா இத்தன வருசமா கும்பிட்டுக்கிட்டிருந்தது உங்கள இல்லயா சார்?"

"இல்ல."

"பேரு மாறுனா கடைக்காரன் ஆயிரம் கேள்வி கேப்பான் சார். கைடு சார்னாதான் யாவாரம்."

"கேக்கட்டும்."

பெரிய தியாகம் செய்தது போலச் சொல்லிவிட்டேன். நாளைக்கு ஸ்டாஃப் ரூமுக்கு விஷயம் வந்துவிடும். சிரிப்பார்கள். தெருவில் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் இப்படி நினைப்பதும் வெட்கமாக இருக்கிறது.

சால்வையை மடித்தேன். சரியாக மடிக்க வரவில்லை. அப்படியே பீரோவில் வைத்தேன்.

பிப்ரவரி 14, வியாழன்

தனுஷ்கோடியின் மனைவியே வடிவோடு பேசினாளாம். ஒரு மணி நேரமாம். என்ன பேசினார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. வடிவு எழுதச் சம்மதித்துவிட்டாள் என்று மட்டும் சொன்னார். இரவு ஏழு மணிக்கு அவளே என்னைக் கூப்பிட்டாள். ஒரே வாக்கியம்.

"சனிக்கிழமை சும்மாத்தான இருப்பிய? நல்ல பேனா ரெண்டு எடுத்துக்கிட்டு வாங்க."

எதற்குப் பேனா என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 16, சனி

எதற்கு என்று தெரிந்துவிட்டது. வகுப்புக்கு நடுவே அவளுக்கு எழுத நேரமில்லை. பழைய நோட்டுகளின் பின்பக்கத்தில் அடித்தும் திருத்தியும் கிறுக்கி வைத்திருக்கிறாள். அச்சுக்குத் தெளிவாக ஒரு பிரதி வேண்டும்.

"ஃபேர் காப்பி எடுக்கணும்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். உள்ளே கோமதிக்கு அடக்க முடியாமல் இருமல் வந்தது.

நாலு பக்கம் எடுத்தேன். எனக்குப் பிடிபடாத ஆறு அர்த்தத்தையும் அவள் ஒரே பத்தியில் சேர்த்துவிட்டாள். ஆறிலும், பக்கத்தில் இருப்பதை ஒருவர் அப்பால் தள்ளுகிறார், வேலையை, விருந்தாளியை, ஆசையை, வெளிச்சத்தை, எதையானாலும் என்று எழுதியிருக்கிறாள். படித்ததும் சுலபமாக இருந்தது. நான் எழுதிய விதியை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 23, சனி

ஐந்து பக்கம். மூன்றாவது அர்த்தத்துக்கு, மனம் விட்டுப்போகச் செய்வதற்கு, ஒரு உதாரணம் எழுதியிருக்கிறாள். 'பாராட்டுக் கூட்டங்கள் மாலினிக்குப் பிடிக்காமல் போய்விட்டன. காரணம், கைதட்டல்.' எழுதும்போது பேனா இரண்டு தடவை நின்றது. ஆனாலும் எழுதி முடித்தேன். மாலினி திரும்ப வந்திருக்கிறாள் என்பது மட்டும் நல்லதாகப் பட்டது.

மார்ச் 2, சனி

இன்று பதினோரு பக்கம். இவ்வளவு எழுதிப் பழக்கம் இல்லை, விரல் வீங்கியிருக்கிறது. இதைப் பதினான்கு வருடம் அவள் எப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை. அதுவும் சமையலை முடித்துவிட்டு.

முதல் அர்த்தத்தைக் கடைசியாக எழுதி வைத்திருந்தாள். தள்ளிப்போடு. நாலு உதாரணம் முடிந்து ஐந்தாவதுக்கு வந்தேன்.

'மாலினி இந்த ஆண்டு பி.எட். படிப்பைத் தள்ளிப்போடவில்லை.'

பேனாவை வைத்தேன். வடிவு எதிரே உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்த பிறகு கேட்பது சரியா தவறா என்று குழப்பமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"வடிவு, யாரு இந்த மாலினி?"

அவள் தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த சிவப்புப் பேனா மட்டும் நின்றது.

"எனக்குத் தெரிஞ்சவ" என்றாள். "நல்லா எழுதுவா. இந்த வருசம் பி.எட். சேருதா."

"எங்க?"

"இங்கதான், புளியங்குடி ரோட்டுல இருக்க காலேஜ்ல."

"ரெண்டு வருசமா?"

"ரெண்டு வருசம்."

இரண்டு வருடம் என்றால் நூற்றுச் சொச்சம் சனிக்கிழமை. மற்ற நாளெல்லாம் நான் வீட்டில் தனியாக ஊத்தப்பம் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வருத்தமாக இருந்தது. வேண்டாம், அடுத்த வருடம் சேரேன் என்று வாய் வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதை விழுங்கினேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அவ வீட்டுக்காரர் சரின்னு சொல்லிட்டாரா?" என்று கேட்டேன்.

"அவரக் கேக்கல."

"சரிதான்."

அப்போது சிரித்தாள். மேடையில் சிரித்த சிரிப்பு இல்லை. வித்தியாசம் இப்போது தெரிகிறது.

கிளம்பும் நேரத்தில், அட்டையில் யார் பெயர் வரும் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சண்முகவடிவு, பி.ஏ." என்றாள்.

"என் பேரு?"

"உள் பக்கத்துல போடச் சொல்லுதேன். பிரதி எடுத்தவர் ஆவுடையப்பன்னு." எழுதி முடித்த தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஆறாம் பக்கத்தில் நின்றாள். "இது அச்சுக்கு ஆகாது. எஃப் எல்லாம் டி மாதிரி இருக்கு. திருப்பி எழுதுங்க."

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அடுத்த சனிக்கிழமை எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். திரும்ப உட்கார்ந்து ஆறாம் பக்கத்தை எழுதினேன்.